முட்டைக்குக் காது கேட்காது

முட்டை என்பது நாயின் பெயர். அதன் தலையைப் பார்த்தவர்கள் வேறு பெயர் யோசித்திருக்க மாட்டார்கள். நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே பள்ளமே இல்லாமல், உரித்த முட்டையைக் கழுத்தில் ஒட்டவைத்தது போல ஒரே வழவழப்பு. அதில் பொத்தான் தைத்த மாதிரி இரண்டு சின்னக் கண்கள். புல் டெரியர் ஜாதி, சுத்த வெள்ளை. ஆறு வீடுகளுக்குப் பொதுவான அந்த முற்றத்தில், "இது நாயா, பன்னிக்குட்டியா?" என்று கேட்காதவர் கிடையாது.

அதை வளர்த்தவள் நூல் மில்லில் வேலை பார்க்கிற ஒண்டிக்கட்டை. முற்றத்தில் எல்லோருக்கும் அவள் மில்லக்கா.

முட்டை முன்பு ஒரு பெரிய வீட்டில் இருந்தது. முரடு, எதற்கும் மசியாது என்று அங்கே பின்கட்டில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். தனியாகக் கிடந்த நாய் தன் வாலையே துரத்திச் சுற்றிச் சுற்றிக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. மனசு கேட்காமல் அந்த வீட்டு டிரைவர்தான் மில்லக்காவிடம் கொண்டுவந்து விட்டார்.

வந்த மூன்றாம் நாள் அவள் கைதவறி ஒரு பெரிய பாத்திரத்தை அதன் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அலறியது. முட்டை அசையவில்லை. அன்றைக்கே அவள் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அந்த அம்மாள் நாயின் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தார்.

"முரடெல்லாம் இல்லம்மா. வெள்ளையாப் பிறக்கற சிலதுக்கு இப்படி இருக்கும். பிறவியிலேயே காது செவிடு. பின்னால வந்து தொடக்கூடாது. தூங்கும்போது எழுப்பணும்னா தரையைத் தட்டுங்க. வெயில்ல போடாதீங்க, மூக்கு வெந்துடும். தனியாக் கட்டிப்போடவே கூடாது. மனுஷங்க காலடியிலேயே கிடக்கணும்னு நினைக்கிற ஜாதி இது."

"எப்படிப் பேசறது இதுகிட்ட?"

"கையாலதான்."

மில்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இயந்திர இரைச்சலுக்குள் அவள் வாயால் பேசியதே இல்லை. விரித்த உள்ளங்கை என்றால் நில். இரண்டு விரலை மடக்கினால் வா. முஷ்டியை நெஞ்சில் வைத்தால் சபாஷ். நூல் அறுந்தால் ஒரு சைகை, மேஸ்திரி வந்தால் இன்னொன்று. புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் பழக ஆறு மாதம் ஆகும். முட்டைக்கு இரண்டு மாதம் போதுமாயிருந்தது. கடவுள் யாரையும் வழியில்லாமல் அனுப்புவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு தப்புச் செய்தாள். செவிட்டு நாய் என்றால் விரட்டிவிடுவார்களோ என்று பயந்து, யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் வினை வந்தது. அவள் மில்லுக்குப் போயிருந்த ஒரு மதியம், வாசல்படி நிழலில் முட்டை தூங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கம்பவுண்டர் நல்ல மனசோடுதான் பின்னாலிருந்து அதன் முதுகில் தட்டினார். தூக்கிவாரிப்போட்டு எழுந்த நாய் திரும்பிக் கவ்வியது. பல் படவில்லை, சட்டைக் கைப்பொத்தான் போயிற்று. சாயங்காலம் அது "கையைப் பிடிச்சிருச்சு" என்று ஆனது. மறுநாள் காலையில் "குதறிடுச்சு" என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து தீர்த்துவைக்கிறேன் என்று, ஆறு வீடுகளுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார். அதுவரை நாயை உள்ளே பூட்டிவைக்க வேண்டும். ஐந்து நாள் பூட்டிய வீட்டில், அவள் மில்லில் இருந்த நேரமெல்லாம், முட்டை மறுபடி வாலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை முற்றம் நிறைந்திருந்தது.

"கூப்பிடும்மா உன் நாயை," என்றார் வீட்டுக்காரர். "உன் பேச்சுக்கு வருதான்னு பாப்போம்."

"கூப்பிட மாட்டேன். அதுக்குக் காது செவிடு. முதல் நாளே உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. அண்ணே, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்." கம்பவுண்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஆனா தப்பு என்னோடது. நாய்மேல போடாதீங்க."

"செவிடா? இன்னும் மோசம்!" என்றார் கம்பவுண்டர். "எப்பக் கடிக்கும்னே தெரியாதே!"

"தூங்கறப்போ உங்க முதுகுல யாராவது திடீர்னு தட்டினா என்ன பண்ணுவீங்க?"

"எட்டி உதைப்பாரு," என்றாள் கம்பவுண்டரின் மனைவி. "எனக்குத் தெரியும்." முற்றம் சிரித்தது. அவளும் அதே மில்லில்தான், வேறு ஷிஃப்டில் வேலை.

மில்லக்கா தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வாசலில் படுத்திருந்த முட்டை தலை தூக்கியது. இரண்டு விரலை மடக்கினாள், எழுந்து வந்தது. உள்ளங்கையை விரித்தாள், நடுமுற்றத்தில் அப்படியே நின்றது.

வீட்டுக்காரர் தாடையைத் தடவினார். "சரி. நீ வளர்த்தது, உனக்கு அடங்குது. நீ வேலைக்குப் போனா? பின்பக்கம் ஒரு கூண்டு போடு. சங்கிலி, வாய்க்கூடு ரெண்டும் போட்டுக் கட்டிவை. நாயும் இருக்கட்டும், நீயும் இரு."

நியாயமான பேச்சு என்று இரண்டு மூன்று தலைகள் ஆடின. மில்லக்கா நாயின் வாலைத் தூக்கிக் காட்டினாள். பழைய தழும்பின்மேல் புதுப்புண் சிவந்திருந்தது.

"இது பழைய வீட்டுல சங்கிலியில கிடந்ததுக்கு அடையாளம். இது அஞ்சு நாள் பூட்டினதுக்கு. கட்டிப்போட்டா இது மத்தவங்களைக் கடிக்காது, தன்னையே தின்னுடும். முடியாதுங்க."

"முடியாதுன்னா வீட்டைக் காலி பண்ணு."

"பண்றேன். எட்டு வருஷம் இருந்த வீடு. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா கட்டிப்போட மாட்டேன். எனக்கு ஒரு கதவை அடைச்சா கடவுள் இன்னொரு கதவைக் காட்டுவாரு. இதுக்கு நான்தான் கதவு."

கம்பவுண்டரின் மனைவி முன்னால் நடந்து வந்தாள். நாய்க்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி நின்று, இரண்டு விரலை மடக்கினாள்.

முட்டை இதுவரை அவள் கிட்டே போனதுகூட இல்லை. ஆனால் பாஷை தெரிந்ததுதானே? நேராக அவளிடம் போய் அவள் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. அவள் முஷ்டியை நெஞ்சில் வைத்தாள். வால் தரையைத் துடைத்தது.

"மத்தியானம் அக்கா போறப்போ நான் வந்துடுவேன். நான் பாத்துக்கறேன்," என்றாள்.

கம்பவுண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடியே, என்னைக் கடிச்ச நாய்!"

"கடிக்கல. பொத்தானைத்தான் கடிச்சுது. அதை நான் தைச்சுத் தரேன்."

வீட்டுக்காரருக்கே வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. "சரிம்மா. ஒரு மாசம் பாப்போம்."

"ஒரு மாசம் வேணாங்க," என்றாள் மில்லக்கா. பார்வை இறங்கவில்லை. "ஒவ்வொரு மாசமும் இது நடுமுற்றத்துல நின்னு வித்தை காட்ட முடியாது. இது இருக்கிறவரைக்கும் இருக்கும்னு சொல்லுங்க. இல்லேன்னா இன்னைக்கே பெட்டி கட்டறேன்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவர் மிரட்டி அடக்கியவர்கள் எத்தனையோ பேர். இவள் அடங்கவும் இல்லை, மரியாதை குறைந்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

"இருக்கட்டும்," என்று முனகிவிட்டு வெளியேறினார்.

கூட்டம் கலைந்தது. கம்பவுண்டர் மட்டும் போகவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எப்படிக் கிட்ட வரணும்?"

"முன்னால வந்து நில்லுங்கண்ணே. முதல்ல கையை மோந்து பாக்க விடுங்க."

அவர் வந்தார். கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நீட்டினார்.