லைலாவின் பேரில் ஒரு கடன்

லைலா வங்கிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன் றஊப். அவர்களுடைய தோணி எஞ்சின் இல்லாமல் கிண்ணியாக் கரையில் கிடந்தது. பழைய எஞ்சின் பழுதான பிறகு றஊப் வேறொருவரின் தோணியில் பங்குக்கு மீன்பிடிக்கப் போய்வந்தான். லைலாவின் தையல் வருமானம் வங்கிக் கணக்கில் ஒழுங்காக விழுவதால், புது எஞ்சினுக்கு அவள் பேரிலேயே கடன் கேட்டிருந்தார்கள்.

கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலர் தர்சிகா நிமிர்ந்தாள்.

“அக்கா, நீங்கள் முந்தி எங்கயாவது கடன் எடுத்தனீங்களோ?”

“இல்ல மிஸ்.”

“கடன் அறிக்கையில உங்கட பேர் கிடக்கு. நுண்கடன் கம்பனியொண்டு. கட்டாமல் விட்டதால அறவிடுற ஆக்களிட்டக் குடுத்திருக்கினம். வட்டியோட ரெண்டு மடங்காப் போச்சு.”

றஊப் லைலாவைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஆர்ட கடன் இது?”

“ரிஸ்னாட,” என்றாள் மெதுவாக.

ரிஸ்னா அவனுடைய தங்கை. கோழி வளர்க்கக் காசு தேவைப்பட்டபோது ஏற்கெனவே ஒரு கடனில் இருந்ததால் அவளுக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. அவர்கள் தெருப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தன் பேரில் கடன் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பாள். வாங்கியவள் கிழமைக்குக் கிழமை கட்டுவாள். லைலாவும் அப்படியே கையெழுத்துப் போட்டு, காசை ரிஸ்னாவிடம் கொடுத்துவிட்டாள். தான் கடன்காரி என்று அவள் நினைத்ததே இல்லை.

இருவரும் நேராக ரிஸ்னா வீட்டுக்குப் போனார்கள்.

“அதுவா மதினி? கோழியெல்லாம் நோய்ல செத்துப்போச்சே. கொரோனாவோட கடன் காசு வாங்க வாறவரும் வராம விட்டுட்டார். அந்தச் சந்தோசத்துல நாங்க கஞ்சி காய்ச்சிப் பங்கிட்டமே, நீங்களும் ரெண்டு கோப்பை குடிச்சீங்க.”

“அவர் வராட்டி கடன் முடிஞ்சிடுமா?” என்றான் றஊப்.

“தேடி வராத கடன் என்ன கடன் காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள் ரிஸ்னா.

“உன்ட மதினிக்கு இனி வங்கி காசு தராதாம். எஞ்சின் இல்ல.”

ரிஸ்னாவின் சிரிப்பு நின்றது. “என்ட கடனுக்கு மதினிய ஏன் பிடிக்கிறாங்க?”

“காசு ஆர் திண்டாலும் அவங்களுக்குக் கடதாசியில ஒப்பு வெச்ச ஆளத்தான் தெரியும்,” என்றான் றஊப்.

கடனைக் கட்ட ரிஸ்னா தன் புருஷனின் மோட்டார்சைக்கிளை விற்றாள். வீட்டுக்கு வருகிறவர் கையில் காசு கொடுக்கக்கூடாது என்று தர்சிகா எச்சரித்திருந்ததால், கம்பனி அலுவலகத்திலேயே கட்டி, கணக்கு முடிந்ததற்குக் கடிதமும் வாங்கினார்கள். அதை லைலா வங்கிக்குக் கொண்டுபோனாள்.

“நல்லது அக்கா. ஆனா, கட்டாமல் விட்ட பதிவு உடன அழியாது. இப்ப கடன் தர ஏலாது,” என்றாள் தர்சிகா.

அந்தப் பருவம் முழுவதும் றஊப் அடுத்தவர் தோணியிலேயே போனான்.

சில மாதங்களில் இன்னொரு கடன் கம்பனி அந்தத் தெருவுக்கு வந்தது. அயல்வீட்டு நஸ்ரின் ரிஸ்னாவிடம் ஓடிவந்தாள்.

“உங்கட பேர்ல எடுத்துத் தாங்க ராத்தா. ஒரு ஒப்புத்தானே. நான் கட்டுவன்.”

“நானும் மதினிட்ட அப்படித்தான் சொன்னன். பொய்க்குச் சொல்லல்ல,” என்றாள் ரிஸ்னா. “ஆள் வராட்டியும் கடன் போகாது புள்ள. ஆர் ஒப்பு வெச்சாங்களோ, அவங்கட பேர்லதான் நிக்கும். பசிச்சா வா, சோறு தாறன். என்ட பேர மட்டும் கேக்காத.”