பாதியில் நின்ற பதினொரு தொடர்கள்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கைக்கு அக்காவிடமிருந்து போன் வரும். அடுத்து எந்தத் தொடரைப் பார்ப்பது என்று முடிவு செய்யத்தான். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இப்படித் துருவித் துருவி விசாரிக்க மாட்டார்கள். கதாநாயகி முதல் பத்து நிமிஷத்துக்குள் அழுதால் தொடர் தள்ளுபடி. எவனாவது ஓடிவந்து அவளைக் காப்பாற்றினால் அதுவும் தள்ளுபடி. மாமியார் பாலில் எதையாவது கலந்தால் பேச்சே கிடையாது. வீட்டில் அக்காவுக்கு 'நீதிபதி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று ஊரார் மூச்சுக்கெல்லாம் உத்தரவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், எந்தத் தொடரிலும் பெயர்கள் ஓடி முடிவதற்குள் தூங்கிவிடுவாள். அதனால் தேடிக் கொடுப்பது அவள் வேலை. பார்த்துவிட்டுக் கதை சொல்வது அக்காவின் வேலை.

அக்கா கதை சொல்வதில் கெட்டிக்காரி. ஒரு தொடரில் வீட்டை விட்டுக் கிளம்பிய போலீஸ்காரி கடைசியில் டயர் கடை வைத்தாளாம். இன்னொன்றில் வக்கீல் பெண் மாடியில் ஓர் அறை எடுத்து, ஒரே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாளாம். "யார் வந்தாலும் நின்னுக்கிட்டுதான் பேசணும் குட்டி!" என்று சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்த ஞாயிறும் போன் வந்தது. அத்தான் வெளியே போயிருந்தார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அக்கா கூப்பிடுவாள்.

"பதினொண்ணு முடிச்சாச்சு. அடுத்தது என்ன?"

"பார்த்துட்டுக் கூப்பிடுறேன்க்கா."

ஒரே சந்தாவில் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். டிவியைப் போட்டதும் 'யார் பார்ப்பது?' என்று கேட்டு இரண்டு பொம்மை முகங்கள் வரும். அக்கா ஏற்கெனவே பார்த்ததையே எடுத்துக் கொடுத்து ஏச்சு வாங்கக் கூடாதே என்று, தங்கை முதல் தடவையாக அக்காவின் முகத்தை அழுத்தினாள்.

பதினொரு படங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே, எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு. ஒன்றுகூட முடியவில்லை. பதினொன்றும் பாதியில் அறுந்து நின்றன. கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் அவளுடைய கண் போகும். தொழில் அப்படி.

போலீஸ்காரியை அழுத்தினாள். நிறுத்திய இடத்திலிருந்து ஓடியது. போலீஸ்காரி பெட்டியோடு புருஷன் வீட்டு வாசலில் நிற்கிறாள். கூட வந்த அண்ணன் மணியை அழுத்துகிறான். தங்கை அதை மூடிவிட்டு வக்கீலைத் திறந்தாள். கார் ஒரு வீட்டு முன்னால் நிற்கிறது. "போனதெல்லாம் போகட்டும்மா" என்று பெற்றவள் அவள் கையைத் தடவுகிறாள். மூன்றாவதில் டாக்டர். தோழி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் மணி அடிக்கிறாள். கதவைத் திறக்கும் புருஷனின் முகத்தில் நல்ல சிரிப்பு.

நான்காவதிலும் ஒரு வாசல், ஒரு மணி. தங்கையால் நிறுத்த முடியவில்லை. பதினொன்றையும் திறந்தாள். பதினொரு வீடுகளின் அழைப்பு மணி அந்தப் பகல் வெளிச்சத்தில், அவளுடைய சின்ன முன்னறையில், ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. வீட்டை விட்டு வெளியேறியவளை அவளுடைய சொந்த மனிதர்களே திரும்பக் கொண்டுவந்து விடும் இடத்தில், அக்கா ஒவ்வொரு தடவையும் நிறுத்தியிருந்தாள்.

வக்கீலின் கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் பார்த்தாள். மாடியறையும் இல்லை, நாற்காலியும் இல்லை. வக்கீல் பெண் தன் புருஷனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அக்கா, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று வந்து நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னாள். தங்கையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தாள். புது விரிசலுக்குப் பக்கத்தில் இன்னொரு முறிவு, வைத்தியம் இல்லாமல் கோணலாகத் தானே கூடிய பழைய முறிவு, திரையில் பளிச்சென்று தெரிந்தது. எக்ஸ்ரே அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் எடுப்பவர் எடுக்கலாம், அதைப் படித்துச் சொல்வது டாக்டர். தங்கை அந்தக் கட்டுப்பாட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். ஒளிந்துகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் அவசரத்தில் புதியதை மட்டும் எழுதினார்.

மூன்றாம் நாள் அத்தான் போனில் தேனாகப் பேசினார். தங்கை அக்காவை பஸ்ஸில் கூட்டிப்போனாள். வழி முழுக்க அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஜன்னலைக் கொஞ்சம் சாத்து." அந்த வீட்டு மணியை அழுத்தியது தங்கையின் விரல்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. யாராவது மணிக்கட்டை எக்ஸ்ரே தட்டில் வைத்தால், அது அக்காவின் கையாகத் தெரியும். வயதான ஆம்பிளையின் கைகூட அப்படித் தெரிந்திருக்கிறது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

போனை எடுத்தாள்.

"என்ன குட்டி, முடிவு பண்ணியா?"

"டிவியில உன் முகத்தை அழுத்திப் பார்த்தேன்க்கா. டயர் கடை எங்கேயும் இல்லையே."

"தொடரை எடுத்தவனுக்கு அவ்வளவுதான் அறிவு" என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு எடுத்த படத்துல பழைய முறிவு ஒண்ணு இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் உன்னைக் கொண்டுவந்து விட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எக்ஸ்ரே ரூம் கண்ணாடிக்குப் பின்னாடிதானே நின்னே. உன் மூஞ்சி மாறினது எனக்குத் தெரியாதா? நீ கேப்பேன்னு மூணு நாள் காத்திருந்தேன் குட்டி."

இரண்டு வருஷமாக அக்கா எதையும் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. ஞாயிறுதோறும் வேறு பெண்களுக்கு வேறு முடிவு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் வரேன்க்கா. இப்பவே கிளம்புறேன்."

"கூட்டிட்டுப் போக வர்றியா, பார்த்துட்டுப் போக வர்றியா?"

"கூட்டிட்டுப் போக."

"அவர் வந்து உன் வாசல்ல நிப்பார். நல்லாப் பேசுவார். உனக்கே பாவமா இருக்கும்."

"போன தடவை இருந்துச்சு."

"இந்தத் தடவை?"

தங்கை பொய் சொல்ல விரும்பவில்லை. "இந்தத் தடவையும் இருக்கும்க்கா. ஆனா கதவைத் திறக்க மாட்டேன்."

தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து, அந்தப் பக்கம் அலமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"ஆறு மணிக்கு வந்துடுவார்" என்றாள் அக்கா. "போனை வச்சிடாத. நான் துணியெல்லாம் எடுத்து வைக்கிற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"என்னக்கா பேச?"

"எதையாவது பேசு. நிறுத்தாம இருந்தாப் போதும்."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.