மேடைக்கு ஓர் ஏழை தேவை

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சபைப் பள்ளிக்குக் காரியதரிசி ஓஸ்வால்ட் ஐயா. ஏழைகள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் ஏழை என்பவர் அவர் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில், குளித்துவிட்டு வந்து நிற்க வேண்டும்.

1936-இல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் சபையில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு, தர்மத்துக்கென்று கோயிலில் சேர்ப்பார்கள். பிள்ளைகளும் அதைப் பழகட்டும் என்றார். நல்ல யோசனைதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாரந்தோறும் ஆளுக்கொரு பிடி கொண்டுவந்து வகுப்புப் பானையில் போட்டார்கள். ஆறு வயது ஜூடித்தும் போட்டாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா யூனிஸ் துரைமார் வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்து அவளை வளர்த்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஐயாவுக்கு மேடை வேண்டுமே! அறுப்பின் பண்டிகையில், கன்டோன்மென்ட் துரைசானி ஒருத்தியின் முன்னால், பிள்ளைகள் வரிசையாக வந்து ஓர் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டுமாம். சந்தையிலிருந்து ஒரு கிழவரைக் கூட்டி வந்தார்கள். நாற்றம் என்று ஐயா திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவள், “மேடையில நிக்கறதுக்குத் தனியா என்ன குடுப்பீங்க?” என்று கேட்டாள். அவளுக்கு நன்றி கெட்டவள் என்று பட்டம்.

கடைசியில் என் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

“டீச்சர், நம்ம ஜூடித்தையே நிறுத்திடலாம். சுத்தமா இருக்கா, தேங்க்யூ சொல்லவும் தெரியும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவளும் அரிசி போடுற பொண்ணுதாங்க. நாளைக்கு மத்த பிள்ளைங்க அவளை என்னன்னு மதிக்கும்? அவங்கம்மா இதுவரைக்கும் யார்கிட்டயும் உதவின்னு போய் நின்னதில்ல.”

“சும்னே எதுக்கு பேஜாரு பண்றீங்க? விதவை வீட்டுப் பிள்ளை. அரிசி கிடைச்சா கசக்குமா?”

முடியவே முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகை அன்று கீழே பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் மேடையில் ஜூடித்! அம்மா பண்டிகைக்கென்று தைத்த புது கவுன் தெரியாதபடி, ஐயா தன் வீட்டுக் கிழிந்த கம்பளியைச் சுற்றி நிறுத்தியிருந்தார். இவரெல்லாம் ஒரு மனுஷரா! நான் படியேறுவதற்குள் அவருடைய பேரன் சிரில் முதல் ஆளாக அரிசிப் பையோடு மேடைக்குப் போய்விட்டான். போனவன் திருதிருவென்று விழித்தான்.

“தாத்தா, இது ஜூடித். ஏழை எங்க?”

“இவதாண்டா ஏழை. குடுத்துட்டு நகரு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து யூனிஸ் எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு வந்தாள். கம்பளியை உருவி ஐயாவின் நாற்காலியில் போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துரைசானி கைதட்டினாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பாகம் என்று நினைத்தாளாம்.

திங்கட்கிழமை ஜூடித் எப்போதும்போல் ஒரு பிடி அரிசியோடு வந்தாள். சிரில் ஓடிவந்து பானை வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

“நீ போடக் கூடாது. நீ ஏழை. உனக்கு நாங்கதான் போடணும்.”

பிறருக்கு உதவச் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது! பையன் தாத்தா சொன்னதைத்தானே சொன்னான், அவனை அடித்து என்ன பிரயோசனம்? ஜூடித்தைக் கையோடு காரியதரிசி அறைக்குக் கூட்டிப்போனேன்.

“இவ ஏழையாம், அரிசி போடக் கூடாதாம். உங்க பேரன் சொல்றான். நீங்க குடுத்த பட்டம், நீங்களே இவளுக்குப் பதில் சொல்லுங்க.”

ஐயா என்னைப் பார்க்கவேயில்லை. சட்டைப்பையைத் துழாவி ஒரு பெப்பர்மிண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அழாதே கண்ணு. ஐயா தர்றேன், வாங்கிக்கோ.”

அவள் எங்கே அழுதாள்? இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“வேணாங்க. யாராவது ஏழைக்குக் குடுங்க” என்றாள்.