மொட்டைமாடிப் பேச்சு

காலரில் நீராவி பட்டதும் சிகரெட் வாடை குப்பென்று கிளம்பியது. லாண்டரிக்காரன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். ஊரார் அழுக்கையெல்லாம் மோந்து பழகிய மூக்கு அது. சட்டையோ, அவனோடு ஒரே வீட்டில் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தும் லிஃப்ட் மெக்கானிக்கினுடையது. போன ஞாயிறு தன் அக்கா வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, கதவில் மாட்டி வைத்திருந்தான்.

“டேய் வாத்து! இங்க வா.”

குடலிறக்கம் வந்ததிலிருந்து மெக்கானிக் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடித்தான் நடக்கிறான்.

“என்ன வாடை இது?”

“அத்தான் ஊதினாரு. பக்கத்துல நின்னேன்.”

“பையில புகையிலைத் தூள் கிடக்கே, அதுவும் அவரு ஊதினதா?”

மெக்கானிக் விட்டத்தைப் பார்த்தான். லாண்டரிக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிகரெட்டை விட்டால்தான் ஆபரேஷன், இல்லையென்றால் இருமலிலேயே தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சில் புகை இருக்கிறதா என்று குழாயில் ஊதச் சொல்லி ஒருமுறை சோதித்து, திருப்பியும் அனுப்பிவிட்டார். நாளைக்கு மறுபடி ஊத வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

“அந்த நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்களே! நம்மள மாதிரி ஆம்பளையோட வாழுற ஆம்பளைங்கதான் மத்தவங்களைவிட அதிகமா சிகரெட் ஊதுறோம்னு. கேட்டுட்டுத் தலையாட்டினியே!”

“நாம மொதமொதல்ல பார்த்துக்கிட்டதே பார் வாசல்ல, நெருப்பு கேட்டுத்தானேடா.”

“நான் எப்பவோ விட்டுட்டேன். உனக்கென்ன கேடு?”

மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்தான். “நம்ம விஷயம் தெரிஞ்சதுலேருந்து அத்தான் கீழ வீட்டுக்குள்ள என் மூஞ்சியப் பார்க்கிறதில்ல. மாடிக்குப் போய் ஆளுக்கொண்ணு பத்தவெச்சாதான் பழைய அத்தான். ‘உன் ஆளு நல்லாருக்கானா’ன்னு ஒருநாள் உன்னைப் பத்திக் கேட்டாரு. அதுவும் அங்கதான்.”

“அதுக்கு நீ சாகணுமா? சாயங்காலம் நானும் வரேன்.”

“உன்னை யாரும் கூப்பிடலையே.”

“கூப்பிடுற வரைக்கும் உன் வயிறு தாங்காது.”

சாயங்காலம் கதவைத் திறந்த அக்கா, இருவரும் சேர்ந்து நிற்பதைக் கண்டு திகைத்துப் போனாள். “வாங்க... வாங்க தம்பி” என்று வழிவிட்டாள். அத்தான் அதற்குள் மாடியேறியிருந்தார். பின்னாலேயே மெக்கானிக்கும் போனான். லாண்டரிக்காரன் மேலே போய்ச் சேர்ந்தபோது, சிகரெட் பாக்கெட் அத்தானின் நீட்டிய கையில் இருந்தது. மெக்கானிக்கின் விரல் பாதி வழியில் நின்றது.

“இவனுக்குக் குடுக்காதீங்க. நாளைக்கு டெஸ்ட். புகை இருந்தா ஆபரேஷன் கிடையாது.”

அத்தானின் முகம் கறுத்தது. “இவன் சொல்லவேயில்லையே!”

“சொன்னா நீங்க கூப்பிடமாட்டீங்களே” என்று முனகினான் மெக்கானிக்.

“கழுதை! உனக்கு ஒண்ணுன்னா உங்கக்கா என்னைச் சும்மா விடுவாளா?” அத்தான் பாக்கெட்டைக் கைப்பிடிச் சுவர்மேல் எறிவதுபோல வைத்தார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “எனக்குச் சும்மா நின்னு பேச வராதுப்பா. கையில ஏதாச்சும் இருக்கணும்.”

லாண்டரிக்காரனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா ஒருத்தன் குடலைப் பணயம் வைத்தான்? கொடியடியில் அக்கா பிழிந்து வைத்த துணிக்கூடை இருந்தது. ஈரப் போர்வையை உருவி ஒரு முனையை அத்தான் கையில் திணித்தான்.

“இந்தாங்க. இறுக்கிப் பிடிங்க. டேய், நீ குனியாதே. கிளிப்பை மட்டும் எடுத்துக் குடு.”

போர்வை உதறலில் மூவர் முகத்திலும் சாரல் அடித்தது. இரண்டாவது போர்வையும் கொடியேறியது. மூன்றாவதில் அத்தான் செருமினார்.

“ஏம்ப்பா, வெள்ளைச் சட்டையில மஞ்சக் கறை போகுமா?”

“வேர்வைன்னா போகும். புகைன்னா ஆளை மாத்தணும்.”

மெக்கானிக் சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றான். அத்தான் போர்வைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்:

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு... நானும் வரவா?”

“வாங்க. அதை மட்டும் இங்கயே வெச்சுட்டு வாங்க” என்றான் லாண்டரிக்காரன், சுவர்மேல் இருந்த பாக்கெட்டைக் காட்டி.