எட்டு எழுத்து வரை

ஃபேக்ஸ் தாளின் உச்சியில் 10:42 என்று நேரம் அச்சாகியிருந்தது. ஐஸ் ஆலையின் மேனேஜர் அதை விரல் நுனியில் பிடித்துவந்து நீட்டினார். சக்தா ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். முழுக்க இங்கிலீஷ். நடுவில் அண்ணன் தவீயின் பெயர்.

தவீ சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். திங்கட்கிழமை, எங்கோ குளிர்நாட்டுத் துறைமுகம் ஒன்றில், பளு தூக்கும் வடம் அறுந்து அவன்மேல் விழுந்ததில் செத்துப்போனான். கப்பலுக்கு ஆள் அனுப்பும் பாங்காக் ஏஜென்சி மறுநாள் போனில் சொன்னது. இன்று வியாழன்.

அண்ணி லம்யாய் காலையிலிருந்தே ஆலை ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போன் கிடையாது.

"பெட்டியத் திறந்து மூஞ்சியப் பாக்கணும் தம்பி. கையில தண்ணி ஊத்தணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

எரிப்பதற்கு முன் இறந்தவர் கையில் பூத்தண்ணீர் ஊற்றி, செய்ததையும் சொன்னதையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்பார்கள். போன மாதம் தவீ இதே ஆபீஸ் போனில் கூப்பிட்டு, இந்த வருஷமும் வர முடியாது என்றபோது, "வராட்டிப் போ, அங்கேயே கெட" என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு பேசவில்லை.

போன் அடித்தது. ஏஜென்சிப் பெண்.

"ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க. ஒண்ணுல டிக் அடிச்சு, சம்சாரம் கையெழுத்துப் போட்டு, அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. புரியுதா? இல்ல நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

லம்யாய் ரிசீவரைப் பிடுங்கினாள். "அதெல்லாம் வேணாம்மா. என் கொழுந்தன் இங்கிலீஷ்ல சாம்பியன். தெக்குச் சீமைக்கே ஒருத்தன்."

"டிக்‌ஷனரியையே மென்னு தின்னவனாச்சே!" என்று மேனேஜர் சத்தமாகச் சொன்னார், போனில் கேட்கட்டும் என்று.

லம்யாய் போனை வைத்துவிட்டாள்.

சாம்பியன் என்பது பொய்யில்லை. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோத்து இங்கிலீஷ் சொல் அமைக்கும் ஆட்டத்தில் சக்தாவை வெல்லத் தென் தாய்லாந்தின் சொங்க்லாவில் ஆளில்லை. பதினாலு நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்திருந்தான். ஏ-டி-ஈ என்று முடிபவை ஒரு நோட்டு. க்யூ வந்து யூ வராதவை ஒரு பக்கம். எந்த நோட்டிலும் அர்த்தத்துக்கு இடம் விடவில்லை. அவனோடு ஆடுகிற யாரும் விடுவதில்லை. அர்த்தத்துக்குப் புள்ளி கிடையாது. அது நேரத்தைத் தின்னும். எட்டு எழுத்தோடு நோட்டுகள் முடிந்தன. அதற்கு மேல் நீண்ட சொல் கட்டையில் அமைவது அபூர்வம்.

முதல் கட்டம்: ரீபேட்ரியேட். எண்ணிப் பார்த்தான், பத்து எழுத்து. பார்த்தே இராத சொல். இரண்டாவது: கிரிமேட். ஏழு. அவன் நோட்டில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஹாட்யாய் இறுதி ஆட்டத்தில் ஏழு கட்டையையும் ஒரே மூச்சில் இறக்கி ஐம்பது புள்ளி கூடுதலாக வாங்கிக் கொடுத்த சொல். அந்தக் கோப்பை அண்ணி வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. அண்ணன் வைத்தது.

"எது தம்பி?"

போனைப் பார்த்தான். திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். மேனேஜர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதுதான் அண்ணி."

"அவர வீட்டுக்கு அனுப்பச் சொல்றதுதானே?"

"ஆமா."

அவன் டிக் அடித்தான். அவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

சனிக்கிழமை ஹாட்யாயில் போட்டி. அண்ணிதான் போகச் சொன்னாள். "நீ வீட்ல உக்காந்திருந்தா அவரு சீக்கிரம் வந்துருவாரா?" நான்கு சுற்று ஆடினான். நான்கிலும் ஜெயித்தான். சாப்பாட்டு இடைவேளையில் பினாங்கிலிருந்து வந்த சூங் எதிரே உட்கார்ந்தார். வருஷா வருஷம் எல்லை தாண்டி வருகிற கிழவர். இங்கிலீஷ் தெரிந்தே ஆடுவார், தெரியாதவர்களிடம் தோற்பார்.

"நீங்கள்லாம் எலும்பையும் சேத்து முழுங்குற பயலுக," என்றார், கோழிச்சோற்றைக் கிளறியபடி. "ருசி தெரியுமாடா ஒனக்கு?"

சக்தா புள்ளித்தாளின் பின்புறம் இரண்டு சொற்களையும் எழுதி அவர் பக்கம் தள்ளினான்.

"எவன் செத்தான்?" என்று சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்தார்.

"இந்த நீளமானது, சொந்த ஊருக்கு அனுப்புறது." விரலை நகர்த்தினார். "இது எரிக்கிறது. அங்கேயே எரிச்சுச் சாம்பலாக் குடுப்பான்."

போட்டி மண்டபத்து வாசலில் காசு போடும் போன் இருந்தது. அதே ஏஜென்சிப் பெண்தான் எடுத்தாள். அண்ணன் பெயரைச் சொன்னான்.

"நேத்தே முடிஞ்சிருச்சாம். நீங்க கேட்ட மாதிரியே. சின்னப் பெட்டிதான், பத்து நாள்ல பார்சல்ல வந்துரும்."

"நிறுத்தச் சொல்லத்தான்..."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க."

நாணயம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. ஐந்தாம் சுற்றுக்கு அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவன் பஸ்ஸில் இருந்தான்.

லம்யாய் குழாயடியில் குந்தியிருந்தாள். கோவிலிலிருந்து வாங்கிவந்த வெள்ளிக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாளியில் மல்லிகை மிதந்தது. ஊற்றிப் பழகுகிறவள்போல் ஒரு கை தண்ணீர் எடுத்து இன்னொரு கையில் விட்டாள்.

"தோத்துட்டியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவன் செருப்பைக் கழற்றவில்லை.

"பிக்குவப் பாத்துட்டேன். மண்டபம் தர்றேன்னுட்டாரு. பெட்டிய எத்தனை நாளானாலும் வைக்கலாமாம்." கிண்ணத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "அடிபட்டது எந்தக் கையின்னு தெரியல. நல்லா இருக்குற கையாப் பாத்து வெளிய எடுத்துவைக்கச் சொல்லணும். அதுக்கு விடுவாங்கள்ல, தம்பி?"