பத்து நிமிடப் பயணம்

இலண்டன் ஓரத்தில் ஏரியோடு ஒட்டிய, பிள்ளைகளுக்கான கோடைகால முகாம் அது. தொண்ணூற்றோராம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதற்குக் காவல்காரன் நான். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத்தான் வருவார்கள். அதுவரை எனக்கும் என் மனைவி தவநாயகிக்கும் வாத்துகள்தான் அயலவர்.

ஒரு ஞாயிறு, தவநாயகியின் அண்ணன் தியாகராஜா குட்மேய்ஸிலிருந்து வந்தார். தை மாதக் குளிரில் எந்தப் பைத்தியமும் கேட்காததைக் கேட்டார்: படகில் ஒரு சுற்றுப் போகவேண்டுமாம்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் துடுப்போடு உட்கார்ந்தேன். அவர் ஒரு காலைப் படகில் வைத்தார். மற்றக் கால், தவநாயகி நின்ற துறைப் பலகையில் இருந்தது.

"அப்ப தங்கச்சி, போட்டு வாறம்."

பத்து நிமிடப் பயணத்துக்கு, கனடா போகிறவர் மாதிரி விடைபெற்றார். உடனே மகளின் பரீட்சை முடிவு நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி முடிக்க, மருமகனின் வேலை ஷிப்ட் கதை வந்தது. படகு மெல்ல விலகியது. கால்களும் விலகின. மூத்தவர் பேசும்போது குறுக்கிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

விழுந்தார். நல்ல காலம், இடுப்பளவு தண்ணீர். எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

"சரி தங்கச்சி, அப்ப வரட்டே?"

"என்ன அவசரம் அண்ணை," என்றாள் தவநாயகி. "இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."