நேராகப் பார்த்த முகம்

தெருவில் படம் எடுக்கும் நான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. கேமராவைப் பார்த்துவிட்ட முகத்தை அங்கேயே அழித்துவிட வேண்டும். படம் எடுப்பது தெரிந்துவிட்டால் மனிதன் பொய்யாகிவிடுகிறான் என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் முழங்குவேன். அதனால் கேமராவை இடுப்பில் தொங்கவிட்டு, வேறெங்கோ பார்த்தபடியே பட்டனை அழுத்துவேன்.

அப்பா எனக்கு நேர் எதிர். கேமராவைக் கண்டால் கம்பமாகிவிடுவார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, "எடுத்தாச்சு" என்று சொல்லும்வரை ஆடமாட்டார், அசையமாட்டார். "உங்களை எடுக்கிறதுக்குச் சுவத்தை எடுக்கலாம்ப்பா" என்று கிண்டல் செய்வேன். இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் தப்புகிறது. சில நாள் என்னையே தெரியாது. கம்பமாவது மட்டும் மறக்கவில்லை.

அன்று விடுமுறை நாள். கடற்கரைச் சாலையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாலு மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பா உன்கூட இருக்காரா?"

"இல்லையே, ஏன்டா?"

"குளிச்சிட்டு வந்து பார்த்தா ஆளைக் காணோம்கா. காலையிலேர்ந்து நீ எங்க, நீ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

படகுத்துறை, பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி என்று நாயாக அலைந்தேன். வழுக்கைத் தலை தெரிந்த இடமெல்லாம் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.

ஆறு மணிக்குப் போலீஸ் நிலையத்தில் தம்பியோடு நின்றேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அப்பாவின் போட்டோ கேட்டார். போனில் தேடினேன், கேமராவில் தேடினேன். ஐஸ்கிரீம்காரர் இருந்தார், செருப்பைத் தொலைத்த யாரோ இருந்தார், பலூனுக்கு அழுகிற குழந்தை இருந்தது. அப்பா இல்லை.

"நீங்க போட்டோகிராபர்னு சொன்னீங்க?" போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செத்துப்போகலாம் போலிருந்தது.

"போன மாசம் மாடியில எடுத்தியேக்கா?" என்றான் தம்பி.

"கேமராவைப் பார்த்தாருடா. அழிச்சிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் ஒன்றை அழித்திருந்தேன். தம்பி போன் செய்வதற்குச் சற்று முன்னால். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் கைகளை உடம்போடு ஒட்டி, விறைப்பாக, நேராக என்னைப் பார்த்தபடி. சனியன் என்று திட்டிவிட்டு அழித்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்தேன்.

எங்கே எடுத்தேன்? கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வரிசை எண்ணில் ஒரு பல் விழுந்திருந்தது. நானூற்றுப் பதினெட்டுக்கு அடுத்து நானூற்று இருபது. முன்னதில் வாடகை சைக்கிள் கடை. பின்னதில் ஐஸ் கம்பெனியின் நீலச் சுவர்.

ஓடினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அங்கேயே இருப்பார் என்று நினைத்து ஓடவில்லை. தேட வேறு இடம் இல்லை.

அப்பா நீலச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின, கால்சட்டை நனைந்திருந்தது. கைகள் மட்டும் உடம்போடு ஒட்டியே இருந்தன.

"அப்பா!" தோளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"தள்ளுங்கம்மா, மறைக்காதீங்க. என் பொண்ணு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கா" என்றார்.

தம்பி வாய்விட்டு அழுதான். நான் அழவில்லை. நாலடி பின்னால் போய் நின்றேன். கேமராவை இடுப்பிலிருந்து எடுத்துக் கண்ணருகே வைத்தேன். அப்பா என்னை நேராகப் பார்த்தார். அழுத்தினேன்.

"எடுத்தாச்சுப்பா."

மூச்சை விட்டார். அப்போதுதான் அவர் கால்கள் மடங்கின.